குன்னூர்க் குளிரில் கால்க்வாசர்: கால்சியம் ஹைட்ராக்சைடு பொடி பற்றி என் கருத்து

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். மலையில் குடியிருக்கிறீர்கள், வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறீர்கள், அதில் லெதர், ஜோவாந்திட், மஷ்ரூம் மாதிரியான மென்பவளங்களும், பாறையில் ஊதா நிறத்தில் படரும் கோரலைன் பாசியும், நத்தைகளும்தான் இருக்கின்றன என்றால், கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள விலை உயர்ந்த பாட்டில் எதுவும் வேண்டாம். லேப் கெமிக்கல் விற்கும் கடையில் அரைக் கிலோ டப்பாவாகக் கிடைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு பொடி போதும். அதைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவதைத்தான் ரீஃப் தொட்டிக்காரர்கள் கால்க்வாசர் என்கிறார்கள். நான் பயன்படுத்தியதிலேயே நம்பிக்கையான பொருள் இது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போடுகிற பொருள் இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் தொட்டி குன்னூரில், கூடத்துச் சுவரோரம் இருக்கிறது. பாறை, மணல் எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 100 லிட்டர். கல் பவளங்கள் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். பாறை கட்டும் அந்தக் கல் பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே இடத்தில் இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கம் கடலுக்குள்ளிருந்து பவளப்பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடாவில் அது விட்டுப்போன காயம் இன்னும் ஆறவில்லை. "குட்டித் துண்டுதான் சார்" என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். இதை இங்கே சொல்லக் காரணம், கல் பவளம் இல்லாத தொட்டி கால்சியத்தை மெதுவாகத்தான் சாப்பிடும், இந்த மதிப்புரையில் வரும் அளவுகள் எல்லாம் அப்படிப்பட்ட தொட்டிக்குத்தான்.

சரி, கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும்? இயற்கைக் கடல்நீரில் ஏறக்குறைய 410 முதல் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). தொட்டியில் 400க்கும் 450க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் கவலையில்லை. அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இரண்டு: ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) அதற்கான டிகேஹெச் அலகில் 8, 9 என்ற அளவில், மக்னீசியம் 1300 பிபிஎம் பக்கத்தில். கோரலைன் பாசியும் நத்தை ஓடும் வளரும்போது தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்கின்றன, அதுவும் ஒரு நிலையான விகிதத்தில்: ஆல்கலினிட்டி 2.8 டிகேஹெச் இறங்கினால் கால்சியம் கிட்டத்தட்ட 20 பிபிஎம் இறங்கியிருக்கும். அதாவது ஆல்கலினிட்டி 8இலிருந்து 7க்கு வந்து, அப்புறம் 6ஐத் தொட்டாலும் கால்சியம் டெஸ்ட்டில் வெறும் 14 பிபிஎம் வித்தியாசம்தான் தெரியும், அந்த அளவு கிட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துபோகும். கால்சியத்தைக் காப்பாற்ற நினைப்பவர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டியது ஆல்கலினிட்டியை. கால்சியம் டெஸ்ட் மாதத்துக்கு ஒன்றிரண்டு போதும். இந்தப் பொடியை நான் விரும்புவதற்கு முதல் காரணமும் இதிலேயே இருக்கிறது: கால்சியம் ஹைட்ராக்சைடு இரண்டையும் அதே விகிதத்தில்தான் திருப்பிக் கொடுக்கிறது. ஒன்றைச் சரியாக வைத்தால் மற்றது தானாகப் பின்னால் வந்துவிடும்.

கால்சியம் குளோரைடும் சோடியம் பைகார்பனேட்டும் தனித்தனியாக ஊற்றும் டூ பார்ட் முறையும் நல்ல முறைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதில் கால்சியமும் கார்பனேட்டும் செலவான பிறகு சோடியமும் குளோரைடும், அதாவது சாதாரண உப்பு, தண்ணீரிலேயே தங்கிவிடும், மாதக்கணக்கில் போகப்போக உப்பளவு ஏறும், அதைத் தண்ணீர் மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். கால்க்வாசரில் அந்தத் தொல்லை கிடையாது. ஹைட்ராக்சைடு கரியமில வாயுவைப் பிடித்துப் பைகார்பனேட்டாகிவிடும், மிச்சம் என்று எதுவும் இல்லை.

அந்தக் கரியமில வாயு விஷயத்தில்தான் மலைவீட்டுக்கு இந்தப் பொடி தனியாக ஒரு உபகாரம் செய்கிறது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கரியமில வாயுவின் அழுத்தமும் அதே கணக்கில் குறைவு என்பதால், ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் தொட்டியின் பிஹெச் சமவெளியை விட ஒரு 0.1 கூடுதலாகவே நிற்க வேண்டும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் யார் ஜன்னலைத் திறக்கிறார்கள்? கதவு, ஜன்னல், இடுக்கு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு நாலு பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தால், சில வீடுகளில் அதோடு கரியடுப்பும் சேர்ந்தால் (உடம்புக்கே ஆபத்து, மூடிய அறைக்குள் கரியடுப்பு வேண்டாம்), காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்காவது சுலபம். இரண்டு மடங்கானால் தொட்டியின் பிஹெச் 0.3 இறங்கிவிடும். 8.1இல் இருந்த தண்ணீர் 7.8க்கு வந்துவிட்டது என்று பயந்துபோய் பிஹெச்சை நிலைநிறுத்தும் என்று ஏதேதோ பஃபர் பொடி வாங்கிப் போடுவார்கள், ஆல்கலினிட்டி எகிறும், பிஹெச் மட்டும் மறுநாளே பழைய இடத்துக்கு வந்து நிற்கும். கால்க்வாசர் நேராக அந்த வாயுவையே பிடித்துக்கொள்வதால் பிஹெச்சையும் தூக்குகிறது. பவளம் ஒளிச்சேர்க்கை செய்யாத இரவில் பிஹெச் இன்னும் இறங்கும், அதனால் சொட்டு விடுவதற்குச் சரியான நேரம் இரவு. என் தொட்டியில் குளிர்காலத்தில் விடியற்காலை பிஹெச் இப்போது 8க்குக் கீழே போவதில்லை.

பொடி வாங்குவது பற்றி. கோயம்புத்தூரில் லேப் கெமிக்கல் கடைகளில் கேட்டால் கிடைக்கும். எல்.ஆர். கிரேடு (ஆய்வகத் தரம்), ஏ.ஆர். கிரேடு (பகுப்பாய்வுத் தரம்) என்று கேட்டு வாங்குங்கள், லேபிளில் எத்தனை சதவீதம் தூய்மை என்று போட்டிருக்கும், இரும்பு, கன உலோகம் எவ்வளவு என்பதையும் அச்சடித்திருப்பார்கள், படித்துப் பாருங்கள். "ஏனுங்க, வெள்ளையடிக்கவா, லேப்புக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும், இதுவும் வேதியியலில் ஒன்றே என்று சொல்லிப் பலரும் அதையே கரைத்து ஊற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அவற்றில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மக்னீசியம், என்னென்ன கசடு என்று யாருக்கும் தெரியாது, நிறுத்து அளக்கவும் முடியாது. சுட்ட சுண்ணாம்பைத் தொடவே கூடாது, அது கால்சியம் ஆக்சைடு, தண்ணீர் பட்டதும் கொதிக்கும்.

ஆன்லைனில் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பியது வெறும் ஜிப் கவரில் கட்டிய பொடி, கிரேடும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை, மலையேறி வருவதற்குள் ஈரம் பட்டு உருண்டை உருண்டையாகக் கட்டிப்போயிருந்தது. இந்தப் பொடி காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து இழுத்துச் சாதாரணக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல் தூளாக மாறிவிடும். பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால்போல மாறுமே, அதே வேலைதான் டப்பாவுக்குள்ளும் நடக்கிறது. கெட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு சிட்டிகை பொடியில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் கார்பனேட் நிறையச் சேர்ந்துவிட்டது, தொட்டிக்குப் பயனில்லை. நல்ல பொடி நுரைக்காமல் கரையும். அந்தப் பொட்டலம் பொங்கிய பொங்கலில் நேராகக் குப்பைக்குப் போனது, பணமும் திரும்பி வரவில்லை. டப்பா திறந்ததும் பொடியைச் சின்னச் சின்ன இறுக்கமான பாட்டில்களில் பிரித்து வைத்துவிட்டால் ஒன்றைத் திறக்கும்போது மற்றவை பிழைத்துக்கொள்ளும். எங்கள் ஊர் மழைக்கால ஈரத்தில் இது கட்டாயம்.

இனி அளவு. இணையத்தில் எங்கே பார்த்தாலும் லிட்டருக்கு ஒன்றரை கிராம் என்று எழுதியிருக்கும். அது கரையக்கூடிய உச்சத்தை ஒட்டிய அளவு, கல் பவளம் நிறைந்த தொட்டிக்கானது. கணக்குப் போட்டால் இப்படி வரும்: 100 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் பொடி, கால்சியத்தை 5.4 பிபிஎம்மும் ஆல்கலினிட்டியை 0.75 டிகேஹெச் அளவும் ஏற்றும். தினம் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக அந்த 2 லிட்டரையும் முழுச்செறிவுக் கால்க்வாசராகவே விட்டால் 3 கிராம், அதாவது ஒரே நாளில் ஆல்கலினிட்டி 2.3 டிகேஹெச் ஏறிவிடும், பிஹெச் எங்கேயோ போய் நிற்கும், தண்ணீர் பால் நிறமாகும். என் தொட்டி சாப்பிடுவது ஒரு நாளைக்கு 0.3லிருந்து 0.4 டிகேஹெச் வரைதான். அதற்கு அரை கிராம் போதும்! அரை கிராமைக் கண்ணளவில் எடுக்க முடியாது, நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கரண்டி அளவெல்லாம் நம்பாதீர்கள்.

உங்கள் தொட்டிக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, எதுவும் போடாமல் மூன்று நாள் இடைவெளியில் ஆல்கலினிட்டியை இரண்டு முறை அளந்து, வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் போதும். அப்புறம் பொடியைக் கிராமில் நிர்ணயித்துவிடுங்கள், தண்ணீர் அளவில் நிர்ணயிக்காதீர்கள். நம் ஊரில் ஆவியாதல் மாதத்துக்கு மாதம் மாறும். குளிர்காலத்தில் 25 டிகிரியில் இருக்கும் தொட்டி 12 டிகிரி அறைக்குள் நின்றால் தண்ணீர் வேகமாகப் போகும், ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழியும். ஐப்பசி மழையில் மூடியும் போட்டிருந்தால் அவ்வளவாகப் போகாது. தினம் இத்தனை லிட்டர் என்று வைத்தவர்களுக்குக் கால்சியம் ஊஞ்சலாடும். தினம் இத்தனை கிராம், அதை இன்று எத்தனை லிட்டர் ஆவியானதோ அதில் கரை என்று வைத்தால் ஆடாது.

கரைப்பதற்கு வெந்நீர் வேண்டாம். இந்தப் பொடி சர்க்கரைக்கு நேர்மாறு, குளிர்ந்த நீரில்தான் அதிகம் கரையும்: 0 டிகிரியில் லிட்டருக்கு 1.9 கிராம் அளவு, 20 டிகிரியில் 1.7, கொதிநீரில் 0.7 கூட வராது. மலைக்குளிர் இதில் நமக்குச் சாதகம். நல்ல ஆர்.ஓ. தண்ணீரில் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி, சில மணி நேரம் அப்படியே விட்டால் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படியும். மேலே இருக்கும் தெளிந்த நீர் மட்டும்தான் தொட்டிக்கு. அடிக்கசடைக் கலக்கி ஊற்றாதீர்கள், பொடியில் இருக்கும் தாமிரம் மாதிரியான அசுத்தங்கள் பெரும்பாலும் அதில்தான் தங்குகின்றன. பாத்திரத்துக்கு மூடி கட்டாயம், திறந்து வைத்தால் மேலே ஆடை கட்டும், அந்த ஆடை தொட்டிக்குப் போகாமல் வீணான கால்சியம்.

ஆர்.ஓ. தண்ணீர் என்றதும் சமையலறை ஃபில்டரைத் திறந்துவிடாதீர்கள். குடிப்பதற்கான ஆர்.ஓ. மிஷின்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் உப்புகளைத் திரும்பக் கலக்கும் அமைப்பு இருக்கும். நீலகிரித் தண்ணீர் பொதுவாக மென்மையானது, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் ஏற்கெனவே குறைவாகத்தான் காட்டும், அந்தக் குறைவை நம்பிக் குழாய்த் தண்ணீரையே விடுவதும் சரியில்லை, குளோரினும் மழைக்காலக் கலங்கலும் அதில் இருக்கும். ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் உள்ள தனி ஃபில்டர்தான் சரி.

சொட்டு விடுவதற்கு நான் பயன்படுத்துவது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் குளுக்கோஸ் டிரிப் செட். உருளைச் சக்கரத்தைத் திருகி விநாடிக்கு ஒரு சொட்டுக்கும் குறைவாக வைத்துவிடலாம். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆனால் அதுவேதான் ஆபத்தும். ஜூன், ஜூலைக் காற்றில் எங்கேயாவது மரம் விழுந்து கம்பி அறுந்தால் மணிக்கணக்கில் கரண்ட் வராது. பம்ப் நின்றுவிடும், டிரிப் மட்டும் நிற்காமல் பிஹெச் 12ஐ ஒட்டிய நீரை அசையாத தண்ணீரில் ஒரே இடத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் முதல் வேலை டிரிப்பை மூடுவது, அப்புறம்தான் மெழுகுவத்தி. காற்று பலமாக இருக்கும் இரவுகளில் நான் டிரிப்பே போடுவதில்லை, மறுநாள் பகலில் விட்டுக்கொள்ளலாம், ஒரு நாள் கால்சியம் போகாவிட்டால் எதுவும் சாகாது.

ஹீட்டர் விஷயம் சமவெளிக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் அதிகம் வராது. அங்கே அவர்கள் தொட்டியைக் குளிர்விக்கச் சில்லர் வாங்குகிறார்கள், இங்கே நமக்கு ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடும். சூடான பரப்பில் கால்சியம் கார்பனேட் எளிதாகப் படியும் என்பதால், ஹீட்டர் கண்ணாடி மேல் வெள்ளைப் படலம் ஏறும். படலம் தடித்தால் சூடு சரியாக இறங்காது, கண்ணாடி விரிசல் விடவும் கூடும். கொஞ்சம் படிவது சகஜம், மாதம் ஒரு முறை ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு வெளியே எடுத்து வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். வாரத்திலேயே தடிப்பாக ஏறுகிறதென்றால் கால்சியம் பவளத்துக்குப் போகாமல் ஹீட்டருக்குப் போகிறது என்று அர்த்தம்: மக்னீசியத்தை அளந்து பாருங்கள், 1200க்குக் கீழே இருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் சின்னதாக இரண்டு போட்டிருக்கிறேன், ஒன்று பழுதானாலும் இன்னொன்று தாங்கும்.

டெஸ்ட் கிட் இல்லாமல் இந்தப் பொடியை வாங்கவே வாங்காதீர்கள். கால்சியத்துக்கு நான் வைத்திருப்பது சாலிஃபெர்ட் கம்பெனி கிட். 2 மில்லி தொட்டித் தண்ணீர், ஒரு கரண்டிப் பொடி, ஒரு திரவம், அப்புறம் சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால் இளஞ்சிவப்பு நீலமாகும் இடத்தில் நிறுத்திப் படித்துக்கொள்ளலாம். ஊதாவில் நிறுத்திவிடாதீர்கள், அடுத்த சொட்டில் நிறம் மாறவில்லை என்றால்தான் முடிந்தது. பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள், மஞ்சள் பல்புக்குக் கீழே இந்த நீலம் ஏமாற்றும். ஆல்கலினிட்டிக்கு ஹன்னாவின் சின்ன டிஜிட்டல் செக்கர், 10 மில்லி தண்ணீரில் 1 மில்லி ரீஏஜென்ட் விட்டால் எண்ணாகவே காட்டிவிடும், நிறத்தில் சந்தேகப்படுபவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அடிக்கடி அளக்க வேண்டியது ஆல்கலினிட்டி என்பதால், செலவழிப்பதானால் அதில் செலவழியுங்கள்.

இந்தப் பொடியால் முடியாதது ஒன்று உண்டு, அதைத் தெரியாமல் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் திட்டுகிறார்கள். ஏற்கெனவே தடம் புரண்ட தண்ணீரை இது நேராக்காது. கால்சியம் 350இலும் ஆல்கலினிட்டி 10இலும் இருக்கும் தொட்டியில் கால்க்வாசர் விட்டால் இரண்டும் சேர்ந்தே ஏறும், இடைவெளி அப்படியே இருக்கும். அந்த நேரத்தில் கால்சியம் குளோரைடுதான் மருந்து: டைஹைட்ரேட் வகையாக இருந்தால் 100 லிட்டருக்குச் சுமார் 18 கிராம், கால்சியத்தை மட்டும் 50 பிபிஎம் ஏற்றும். ஒரே நாளில் போடாமல் மூன்று நாலு நாளாகப் பிரித்துப் போட்டு, அளவு சரியான பிறகு கால்க்வாசரைத் தொடங்குங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இது சுண்ணாம்பு. கண்ணில் பட்டால் விழியை அரித்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடிக் கண்ணில் அடிபட்ட குழந்தைகள் நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளுக்கு இன்றும் வருகிறார்கள். பொடியை நிறுக்கும்போது கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். கரைத்த நீர் பார்க்கப் பச்சைத்தண்ணீர் மாதிரியே இருக்கும், அதனால் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. வீட்டில் குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் பாத்திரத்தில் பெரிதாக எழுதி ஒட்டிப் பூட்டிய இடத்தில் வையுங்கள். எங்கள் அம்மா படிப்பது தமிழ் மட்டும்தான், அதனால் "விஷம், தொடாதே" என்று தமிழில்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன். கண்ணில் பட்டுவிட்டால் யோசிக்காமல் ஓடும் தண்ணீரில் தொடர்ந்து கழுவிக்கொண்டே இருங்கள், உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை தருவேன். அரை மதிப்பெண் போனது, சில்லறைக் கடைகளில் தரம் தெரியாமல் விற்கப்படுவதால்தான். தினம் அரை கிராம் கணக்கில் அரைக் கிலோ டப்பா வருடக்கணக்கில் வரும், கெடாமல் வைத்துக்கொள்வதுதான் பாடு.

40, 50 லிட்டர் நானோ தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பொடியை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்த அளவுத் தண்ணீரில் நிறுவையில் சின்னப் பிசகு வந்தாலும் பிஹெச் தாவிவிடும். கோத்தகிரியில் இருக்கும் நண்பர் ஒருவர் இப்படியொரு தொட்டிக்குக் கேட்டபோது, நல்ல உப்பு வாங்கி வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே போதும் என்றேன். அப்படித்தான் செய்கிறார், பொடி எதுவும் போடாமலே அவருடைய தொட்டியில் கால்சியம் 420இல் நிற்கிறது.